கிண்டியா, கோயம்பேடா? பஸ் ஏறும் முன்பே கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் மெட்ரோ ரயிலில் எப்படிப் போவது என்று கேட்கிற கடலூர்க்காரரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த பஸ்ஸில் போகிறீர்கள்? கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் 'சென்னை' என்று பலகை மாட்டி நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழி பஸ், அதாவது ஈ.சி.ஆர். பஸ், திருவான்மியூர், அடையாறு, கிண்டி தொட்டுக் கோயம்பேடு போய்ச் சேரும். திண்டிவனம் வழி பஸ் கிளாம்பாக்கத்தோடு சரி. 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் புதிய பஸ் நிலையம் திறந்து, அடுத்த மாதக் கடைசியில் தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கே மாறியபோது, ஈ.சி.ஆர். வண்டிகள் மட்டும் கோயம்பேட்டிலேயே தங்கிவிட்டன. கிளாம்பாக்கத்தில் மெட்ரோ கிடையாது. கோயம்பேட்டில் பஸ் நிலைய வாசலிலேயே மெட்ரோ இருக்கிறது. இந்த ஒன்று தெரியாததால்தான் கடலூர், புதுச்சேரிப் பயணிகள் பாதிப் பேர் மெட்ரோவை ஆட்டோக்காரரிடம் விசாரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஈ.சி.ஆர். பஸ்ஸில் போகிறவர் கோயம்பேடு வரை உட்கார்ந்தே போக வேண்டும் என்பதும் இல்லை. அண்ணா சாலை, ஓமந்தூரார் மருத்துவமனை, உயர் நீதிமன்றம் என்று போகிறவர் கிண்டியில் இறங்கிக்கொள்வது நல்லது. கிண்டி மெட்ரோ நீல வழித்தடத்தில் இருக்கிறது. விம்கோ நகர் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, ஏ.ஜி.-டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம் என்று மாறாமலே போய்விடலாம். ஓமந்தூரார் மருத்துவமனைக்கு அரசினர் தோட்டம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு சென்ட்ரல். வடபழனி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் பக்கம் வேலை உள்ளவர் கோயம்பேடு வரை போய்ப் பச்சை வழித்தடத்தைப் பிடிக்கட்டும். பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் "கிண்டியில் நிற்குமா?" என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள்.

கோயம்பேட்டில் ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. 'கோயம்பேடு' என்ற பெயரில் இருக்கும் மெட்ரோ நிலையம் பஸ் நிலையத்தில் இல்லை. அது அடுத்த நிலையம். பஸ் நிலையத்துக்கானது 'புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா புறநகர் பேருந்து நிலையம்'. வண்டியிலும் செயலியிலும் அதைச் சுருக்கி சி.எம்.பி.டி. என்பார்கள். திரும்பி வரும்போது கோயம்பேடு என்ற பெயரைப் பார்த்து இறங்கிவிட்டு, கையில் பையோடு பஸ் நிலையத்துக்கு நடப்பவர்கள் அதிகம். இதேபோல் சென்ட்ரல், ஆலந்தூர் நிலையங்களின் பெயர்களும் 2020இல் நீண்டுவிட்டன. பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்துத் தேடுங்கள்.

ராத்திரி பஸ் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணிக்குக் கடைசி வண்டியை அனுப்புகிறது. கடலூரிலிருந்து கோயம்பேட்டுக்கு இரவில் நாலரை மணி நேரம் என்று வைத்தால், 11 மணி பஸ்ஸில் கிளம்புகிறவர் மூன்றரைக்கே இறங்கி, பூட்டிய ஷட்டர் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் அந்தக் கஷ்டம் இல்லை.

நிலையத்துக்குள் நுழைகிற முறையை முதல் தடவை போகிறவருக்குச் சொல்லிவிடலாம். மேம்பால நிலையம் மூன்று தட்டு கொண்டது: கீழே தெரு, நடுவே சீட்டும் சோதனையும் தானியங்கிக் கதவும், மேலே நடைமேடை. லிப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. மூட்டு வலிக்காரரை அழைத்துப் போகிறவர் சாலையைக் கடப்பதற்கு முன்பே லிப்ட் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும். பைகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வரும். பெட்ரோல், பட்டாசு கூடவே கூடாது. பண்ருட்டிப் பலாப்பழத்தை உறவினர் வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் சுளையாக எடுத்து டப்பாவில் அடைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. பெட்டி முழுக்கக் குளிரூட்டியது, திறக்க ஜன்னல் இல்லை. வாசனை இறங்கும் நிலையம் வரை கூடவே வரும். கடலூர் முதுநகர்க் கருவாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் 50. இது 2021 பிப்ரவரியில் குறைக்கப்பட்ட கட்டணம். அதற்கு முன் உச்சபட்சம் 70 ரூபாயாக இருந்தது. கைபேசியில் கியூஆர் சீட்டாக எடுத்தால் 20 சதவீதம் குறையும். மெட்ரோவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு 'ஹாய்' அனுப்பினாலே அது கேட்கும் வரிசையில் ஏறும் இடம், இறங்கும் இடம் சொல்லிச் சீட்டு எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து எடுக்க முடிகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவருக்குப் பயண அட்டை வீண் செலவு; மாதா மாதம் சிகிச்சைக்குப் போய் வருகிறவர் 'சிங்காரச் சென்னை' அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

சீட்டு ஆளுக்கு ஒன்று. நால்வர் போனால் நான்கு கியூஆர் கட்டங்கள். ஒருவர் உள்ளே போன கட்டத்தையே அடுத்தவரும் காட்டினால் கதவு திறக்காது. வரிசை நகராமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக்குக் காரணம் மங்கலான கைபேசித் திரை. வெளிச்சத்தைக் கூட்டி, கதவில் உள்ள கண்ணாடிக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு ஆட்டாமல் பிடித்தால் படித்துவிடும். கவுன்டரில் தரும் காகிதச் சீட்டைக் கட்டத்தின் நடுவே மடிக்கக் கூடாது. உள்ளே போனதும் கசக்கிப் போட்டுவிடவும் கூடாது, ஏனென்றால் வெளியே வரவும் அதே சீட்டுதான். கைபேசியில் சார்ஜ் குறைவாக இருந்தால் காகிதச் சீட்டே வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்: பாதி வழியில் கைபேசி அணைந்துவிட்டால் வெளியேறும் கதவில் மாட்டிக்கொள்வீர்கள், நிலைய ஊழியர் வந்துதான் விட வேண்டும். சீட்டு எடுத்த நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டால் பதற வேண்டாம். கதவைத் தொடுவதற்கு முன் உள்பக்கக் கவுன்டரில் மிச்சத்தைக் கட்டினால் முடிந்தது. குழந்தைகளுக்கு வயதுக் கணக்கு இல்லை, உயரக் கணக்கு: 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். மின்சார ரயிலில் மாறாக வயதுதான் கணக்கு, 5 வயதுக்குக் கீழ் இலவசம். இரண்டையும் குழப்பிக்கொண்டு கதவில் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

எதிர்த்திசை வண்டியில் ஏறிவிடுவதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. அடுத்த நிலையத்தில் இறங்கி, கதவுக்கு வெளியே போகாமல் மறுபக்க வண்டியைப் பிடித்தால் அதே சீட்டு செல்லும். மேம்பால நிலையங்களில் பெரும்பாலும் தண்டவாளம் நடுவிலும் நடைமேடைகள் இரு ஓரத்திலும் இருப்பதால் கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கும். சுரங்க நிலையங்களில் அநேகமாக நடைமேடை நடுவில் இருப்பதால் திரும்பி நின்றாலே போதும். ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் நீலத்திலிருந்து பச்சைக்கு மாற வெளியே வர வேண்டாம், தளம் மாறினால் போதும். பச்சை வண்டி வழக்கமாகப் பரங்கிமலையில் முடியும், சில மட்டும் நேராக விமான நிலையம் போகும். வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். நான்கு பெட்டிகளில் ஓரப் பெட்டி பெண்களுக்கானது. ஓடி வந்து ஏறும் ஆண்கள் அதில் போய்த்தான் விழுகிறார்கள்.

கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர் மாநகர பஸ்ஸில் தாம்பரம் போய் மின்சார ரயில் பிடிக்கலாம். பரங்கிமலையில் இறங்கினால் பச்சை மெட்ரோ, கிண்டியில் இறங்கினால் நீலம். எழும்பூருக்கு ரயிலிலேயே உட்கார்ந்து போகலாம். விமானம் ஏறப் போகிறவருக்கு மெட்ரோவே தேவையில்லை. திரிசூலத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்தால் விமான நிலையம். சோழன், உழவன் ரயில்களில் போகிறவர்களுக்கும் தாம்பரத்திலிருந்து இதே வழிதான்.

பழைய பறக்கும் ரயிலை மறந்துவிடக் கூடாது. 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே தொடங்கி, 2007இல் வேளச்சேரி வரை நீண்டது. மெட்ரோ வருவதற்கு இருபது ஆண்டு முன்பே தலைக்கு மேல் ஓடிய ரயில் இது. அதன் மதிப்பை இன்னும் பலர் உணரவில்லை. கபாலீசுவரர் கோயிலுக்குத் திருமயிலை, தலைமைச் செயலகத்துக்குக் கோட்டை, கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கம். மெரினாவுக்குத் திருவல்லிக்கேணி அல்லது கலங்கரை விளக்கம். 'சென்னை கடற்கரை' என்ற பெயரை நம்பி மெரினா பார்க்கப் போகிறவர் துறைமுகத்து மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அது பாரிமுனைப் பக்கத்து நிலையம். திருவான்மியூர் நிலையமும் அப்படித்தான். ஈ.சி.ஆர். பஸ் நிற்கும் திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கும் டைடல் பார்க் அருகே இருக்கும் ரயில் நிலையத்துக்கும் சுமார் இரண்டு கிலோமீட்டர். மாநகர பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ வேண்டும்.

பறக்கும் ரயிலில் தானியங்கிக் கதவு இல்லை என்பதால் சீட்டு வேண்டாம் என்று அர்த்தமில்லை. பரிசோதகரிடம் மாட்டினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் போகும். காலியாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறுகிற வெளியூர்க்காரர் அபராதம் கட்டுவது அன்றாடக் காட்சி. வெளிச்சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். தனித்தனியாக எடுத்த மெட்ரோ சீட்டு இதில் செல்லாது, இதன் சீட்டு மெட்ரோவில் செல்லாது. மாறிக்கொள்ளும் இடம் பூங்கா நகர். எதிரே சென்ட்ரல் மெட்ரோ. பறக்கும் ரயில் நிலையங்கள் பெரிதாகவும் ஆளரவமில்லாமலும் கிடப்பதால் இருட்டிய பிறகு பெண்களும் முதியவர்களும் மெட்ரோவையே நாடுவது மேல்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அது முடியும்போது இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்படாது. அதுவரை போக்குவரத்துக் கழகத்தார் செய்யக்கூடியது சின்ன வேலை. கடலூர் பஸ் நிலையத்திலும் புதுச்சேரி பஸ் நிலையத்திலும் சென்னை பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலகை: 'ஈ.சி.ஆர். வழி - கிண்டி மெட்ரோ, சி.எம்.பி.டி. மெட்ரோ. திண்டிவனம் வழி - கிளாம்பாக்கம், அங்கிருந்து தாம்பரம் மின்சார ரயில்.' கூடவே முதல் மெட்ரோ 5 மணி, கடைசி 11 மணி என்று ஒரு வரி. திருவான்மியூர் பஸ் நிலையத்தில் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி.

இப்படிக்கு,
சென்னைக்கு அடிக்கடி போய் வரும் பயணிகள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.