வாடூஸ் முத்திரை

அன்புள்ள சிரஞ்சீவி முரளிக்கு, அப்பா எழுதுவது.

இங்கு இருவரும் நலம். நான் ஊர் திரும்பி இருபத்திரண்டு நாளாகியும் உன்னிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. வேலை நெருக்கடியாக இருக்கும் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று கடவுச்சீட்டை அலமாரியில் வைக்கும்போது, லிக்டன்ஸ்டைன் தலைநகர் வாடூஸில் நீ காசு கொடுத்துப் போடச்சொன்ன முத்திரையைப் பார்த்தேன். சற்றுச் சாய்ந்து விழுந்து, ஓரத்தில் மை கசிந்திருக்கிறது. 1912 முதல் சொந்த அஞ்சல்தலை வெளியிடும் நாட்டில் முத்திரை நேராக விழ வேண்டாமா? முப்பத்தொரு வருடம் தபால் முத்திரை குத்தியவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது.

லிக்டன்ஸ்டைன் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களிடமெல்லாம், சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் 160 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறத்தாழ 40,000, படையை 1868-லேயே கலைத்துவிட்டார்கள், விமான நிலையம் கிடையாது, சர்கான்ஸில் ரயிலைவிட்டு இறங்கிப் பேருந்தில் போகவேண்டும் என்று விளக்கிவிட்டு, ஓட்டுநரிடம் நீ ஜெர்மனில் பேசியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ரைன் ஆற்றின்மேல் 1901-இல் கட்டிய அந்தக் கூரை வேய்ந்த மரப்பாலம்தான் கண்ணைவிட்டுப் போகவில்லை. 135 மீட்டர் நீளம். பாதியில் நாடு மாறுகிறது. நம்மை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த எல்லைக்குறியருகே உன் கைபேசி மூன்று முறை அடித்தது, மூன்று முறையும் நிறுத்தினாய். அலுவலகம் என்றாய். விடுப்பு நாளில் அலுவலகமா என்று நானும் கேட்கவில்லை. மருமகளுக்கு ஜெனீவாவில் பயிற்சி என்றாய். நான் இருந்த பதினெட்டு நாளும் பயிற்சிதான். அஞ்சறைப் பெட்டியில் கடுகைத் தவிர வேறொன்றும் இல்லாததை அம்மாவிடம் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

லிக்டன்ஸ்டைனில் நாடு தழுவிய தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1984-இல்தான் என்று அம்மாவிடம் வியந்து சொன்னேன். “நம் வீட்டில் இன்னும் வரவில்லையே” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தை மாதம் திருநெல்வேலியில் தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகுதான் அவளுக்கும் உனக்கும் விவரம் சொன்னேன். நீ ஒரு மாதம் அவகாசம் கேட்டாய். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்றேன். கட்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் போய்த்தான் கட்டினேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் தேசிய நாள். நாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த அரண்மனையின் தோட்டத்தில் அன்று பொதுமக்களை அழைத்து உபசரிப்பார்களாம். நீயும் மருமகளும் போய் வாருங்கள். பாலத்திலும் நடந்து பாருங்கள். இருவரும் சேர்ந்து போய் வாருங்கள் என்றே மறுபடியும் எழுத வருகிறது.

போவதற்கில்லை என்றால் அதையும் எழுது. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். வாசலில் நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா