பழைய சிபியூவை பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான அப்டேட் நின்னுபோச்சு, விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், ப்ராசஸர் இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும், அதனால கம்ப்யூட்டரை மாத்துங்கன்னு உங்க பேப்பர்ல எழுதியிருந்தீங்க. சரிதான் சார். ஆனா மாத்தின பிறகு பழசை என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்லையே? எங்க தெருவுலயே மூணு சிபியு எடைக்குப் போயிருச்சு.

நான் கோவில்பட்டியில சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஒரு கல்யாணம்னா ரெண்டு கேமரா, வீடியோ, ட்ரோன்னு 300 ஜிபி வந்துரும். எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு பீரோவுல அடுக்கி வச்சிருந்தேன், ஒருநா டேபிள்ல இருந்து ஒண்ணு கீழ விழுந்து ஒரு வளைகாப்பு மொத்தமும் போச்சு, அந்தப் புள்ளைக்கே இப்ப மூணு வயசாச்சு, இன்னும் அவங்க அம்மாவ ரோட்டுல பாத்தா நான் வேற சந்துல திரும்பிருவேன்.

அதுக்கப்புறம்தான் மூலையில கிடந்த நாலாவது ஜெனரேஷன் ஐ3 மெஷினை, எல்லா ஃபைலையும் நெட்வொர்க் வழியா சேத்து வைக்கிற பெட்டியா மாத்தலாம்னு தூசி தட்டினேன். ரேம் 4 ஜிபிதான். இந்த வேலைக்குன்னே ஓப்பன்மீடியாவால்ட்னு ஒரு ஓஎஸ் இருக்கு, டெபியன் லினக்ஸ் மேல ஓடுறது, காசு கிடையாது, இந்த ரேமே அதுக்கு தாராளம் (இதே மாதிரி இன்னொண்ணான ட்ரூநாஸ்னா குறைஞ்சது 8 ஜிபி கேக்கும்). ஓஎஸ்ஸை ஒரு குட்டி எஸ்எஸ்டியில ஏத்திட்டு, டிவிடி ரைட்டரைக் கழட்டிட்டு அதை போர்டோட இணைச்சிருந்த சாட்டா கேபிளையும் சேத்து புதுசா ரெண்டு 4 டிபி டிஸ்க் மாட்டினேன். ஃபைலை நெட்வொர்க்ல பகிர்ற சம்பா ஷேர் ஆன் பண்ணதும் எடிட்டிங் மெஷின்ல இன்னொரு டிரைவ் மாதிரி வந்து நின்னுச்சு. மானிட்டர் கீபோர்டு எதுவும் வேணாம், வேற மெஷின் பிரவுசர்லயே எல்லாம் பாத்துக்கலாம். என்ன, கீபோர்டு இல்லன்னா சில பழைய போர்டு எஃப்1 அமுக்குன்னு அப்படியே நின்னுரும், பயாஸ்ல (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) அத ஆஃப் பண்ணணும், கரண்ட் போயி வந்தா தானா ஆன் ஆகுற மாதிரியும் அங்கேயே வச்சிரணும், நம்ம ஊருக்கு அதுதான் முக்கியம்.

ஆரம்பத்துல காப்பி ஆமை வேகம், வினாடிக்கு 11 எம்பி. பாவம் மெஷினைத்தான் திட்டினேன். பாத்தா ரவுட்டர் போர்ட் 100 எம்பிபிஎஸ், அது மெகாபிட் கணக்கு, எட்டால வகுத்தாதான் எம்பி. பத்து மடங்கு வேகமான ஒரு கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி நடுவுல போட்டேன், 110-ஐத் தொட்டுச்சு. ஏழரை மணி நேரம் இழுத்த 300 ஜிபி முக்கால் மணியில முடிஞ்சிருது.

குறையும் சொல்லிடறேன். என் மெஷின் சும்மா கிடந்தாலே 50 வாட்ஸ் இழுக்குது, ராப்பகலா ஓடினா ஒரு நாளைக்கு 1.2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 72. வீட்டு லைன்னா ஈபி இலவசமா தர்ற 100 யூனிட்ல முக்கால்வாசி இதுக்கே போயிரும், கடை லைன்ல அந்த இலவசமும் கிடையாது. நான் கடை சாத்தும்போது இதையும் அணைச்சிருவேன். அப்புறம் பழசுல டிஸ்க்கையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கரண்ட் குடுக்கிற பெட்டி) நம்பாதீங்க. கூட இருந்த 500 ஜிபி டிஸ்க்க டிஸ்க்கோட ஆரோக்கியத்தைச் சொல்ற ஸ்மார்ட் டெஸ்ட்ல பாத்தேன், செக்டார் செக்டாரா செத்துட்டு இருந்துச்சு.

ரெண்டு டிஸ்க்கையும் மிரர் பண்ணி, அதாவது ஒண்ணுல எழுதுறது அப்பவே இன்னொண்ணுலயும் எழுதுற மாதிரி வச்சா பேக்கப் ஆச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிடையாது சார், கை தவறி டெலீட் பண்ணா ரெண்டுலயும் சேந்தேதான் போகும், வைரஸ் வந்து ஃபைலைப் பூட்டினாலும் அதே கதை. மூணாவதா ஒரு காப்பி மாமனார் வீட்டு அலமாரியில இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா போயி மாத்திட்டு வருவேன், அவங்களுக்கும் மருமகன் தவறாம வர்றாருன்னு சந்தோஷம்.

அடுத்த தடவை மாத்துங்கன்னு எழுதும்போது இதையும் ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க. எடைக்கே போடறதா இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டுப் போடச் சொல்லுங்க. எங்க தெருவுல போன மூணுல ஒண்ணு ஆடிட்டர் ஆபீஸ் மெஷின்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
கோவில்பட்டி