செயலாளர் ஆண்டறிக்கை: நம் ஆரம்ப சுகாதார நிலையத்தை எதைக்கொண்டு அளப்பது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மலைக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி நம் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிய ஆய்வுக்கே போனது. கூட்டம் வராத இடத்துக்கு இரண்டாவது மருத்துவர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். புறநோயாளிகளின் எண்ணிக்கையை மருத்துவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நம் நிலையம் பின்தங்கித்தான் தெரியும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது அரசே வகுத்த அளவு. குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால்தான் அந்த வேறுபாடு. பிறகு இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது என்ன நியாயம்?

நம் உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று, வராதவர்களிடம் காரணம் கேட்டார்கள். மேல் ஊர்களின் முதல் பஸ் வந்து சேரும்போது சீட்டுப் போடும் நேரம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுக்கு மறுநாள் வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலி போகிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு வார மாத்திரை வாங்கிச் சென்ற பாட்டி ஒருவர், அது தீர்ந்ததும் விட்டுவிட்டார். பதிவேட்டில் அது ஒரு வருகை. அவருக்கோ சிகிச்சையே நடக்கவில்லை. வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தரும் அரசுத் திட்டமான, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சாலை உள்ள ஊர்களில் நன்றாக நடக்கிறது. ஒற்றையடிப் பாதை ஊர்களுக்கும் அது எட்ட வேண்டும்.

செவிலியர்களுக்கு இந்த அவையில் நன்றி சொல்லியே ஆக வேண்டும். இரவுப் பிரசவங்களைத் தாங்குபவர்கள் அவர்கள்தான். கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கும் காத்திருப்பு அறையில் கட்டில் காலியாக இருக்கும் நாட்களை வீண் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மழையில் பாதை அடைபடும் வாரத்தில் அந்தக் கட்டில் இரண்டு உயிர்களைக் காக்கிறது.

கண் பரிசோதனை முகாமும் ரத்ததான முகாமும் வழக்கம்போல் நடந்தன.

பஸ் நேரத்துக்கு ஏற்ற புறநோயாளி நேரம், ஒரு மாத மாத்திரை, அன்றைக்கே பரிசோதனை முடிவு ஆகியவற்றைக் கோரி வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு தயாராக உள்ளது. எத்தனை கர்ப்பிணிகள் எல்லாப் பரிசோதனைகளையும் முடித்தார்கள், எத்தனை பேர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள் என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்குமாறு அதில் கேட்டிருக்கிறோம். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். உறுப்பினர்கள் வழிமொழிய வேண்டுகிறேன். அடுத்து, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.