மலையேறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் டர்போ கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பைத் திருத்தி, டர்போ தரும் காற்றழுத்தமான ‘பூஸ்ட்’டை ஏற்றிய) டர்போ பெட்ரோல் கார்கள் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்ததும் மிஸ்ஸிங் அடித்து (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போய்) குலுங்குகின்றன, செக் எஞ்சின் விளக்கு சிமிட்டுகிறது. இறங்கி வந்து பட்டறையில் நிறுத்தினால் ஆக்சிலேட்டரை மிதிக்காத ஐடிலில் எஞ்சின் சுத்தமாக ஓடுகிறது. ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றி பில் போடுகிறார்கள். இரண்டுமே தவறு. லோடு (எஞ்சின் மேல் விழும் சுமை) ஏறினால் மட்டும் வரும் கோளாறு, லோடு இல்லாத இடத்தில் அகப்படாது.

முதலில் ஓட்டுபவர்களுக்கு. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்கு வரலாம். சிமிட்டினால் உடனே காலை எடுத்துவிட்டு ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும். அந்தச் சூட்டில் காரைக் காய்ந்த சருகின் மேல் நிறுத்தவே கூடாது. மாசி, பங்குனியில் சேர்வராயன் சரிவுகள் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பதற்காகவே மேப் எழுதி வாங்குபவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

பட்டறையில் ஸ்கேனர் போட்டவுடன் அதில் தெரியும் கோளாறு எண்ணை அழிக்காதீர்கள். கோளாறு பதிவான நொடியின் ஆர்.பி.எம்., லோடு, ஃபியூயல் டிரிம் (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஆகியவற்றை, அந்த நொடியைச் சேமித்து வைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பி-0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு, அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு எண் 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை இதே போல மாற்றிப் பார்க்க வேண்டும். பி-0300 மட்டும் வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பிளக் இடைவெளி, காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம்.

ரீமேப் செய்த காரில் முதல் சந்தேகம் பிளக் இடைவெளி மேல்தான். பூஸ்ட் கூடினால் சிலிண்டருக்குள் காற்றின் அடர்த்தி கூடும். அதே இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். காயிலால் அதைத் தர முடியாதபோது பொறி விழாது. கம்பெனி இடைவெளி 0.8 மி.மீ. அளவில் இருந்தால், பூஸ்ட் ஏற்றிய காருக்கு 0.6 முதல் 0.7 வரை வைப்பது வழக்கம். இரிடியம் பிளக்கில் நடுமுனையில் இடைவெளி அளக்கும் கேஜை ஊன்றி நெம்பாதீர்கள், அந்த மெல்லிய முனை உடைந்துவிடும். வெளிக்கம்பியை மட்டும் வளைக்க வேண்டும். சூட்டை வேகமாக வெளியேற்றும், ஒரு படி ‘கோல்டு’ பிளக் வாங்கும்போது கவனம் தேவை: என்ஜிகே கம்பெனி பிளக்கில் எண் கூடினால் கோல்டு, பாஷ் கம்பெனி பிளக்கில் எண் குறைந்தால் கோல்டு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘ஹாட்’ பிளக் போட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியாக பாடிக்கு இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் எதிரே காயிலின் ‘பூட்’ எனும், பிளக் மேல் மாட்டும் ரப்பர் உறைக்குள்ளும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புதுப் பிளக்கிலும் கோடு போட்டுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது காற்றுக் கசிவு. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் உட்புறம் ஆயில் படிந்து, கிளாம்ப் இறுக்கமாகத் தெரிந்தாலும் பூஸ்டில் ஹோஸ் நழுவும். புகை விட்டுக் கசிவைத் தேடும் ஸ்மோக் மிஷினின் குறைந்த அழுத்தத்தில் இது பல நேரம் தெரியாது. டர்போ வாயை அடைத்து, எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. ஹோஸைக் கழற்றி மூடிவிட்டு, ரெகுலேட்டர் வழியாக மெல்ல மெல்ல 1 பார் வரை காற்றேற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பி.சி.வி.யை மறந்தால் கிராங்க் சீல் பிதுங்கிவிடும்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைகிறது. கீழே வெளிக்காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் கிடைக்கும் அழுத்தத்துக்கு, மேலே 2.5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். சின்ன டர்போ அதன் எல்லைக்கே போய்விடும், காற்று சூடேறும், நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும், இ.சி.யு. எனும் எஞ்சின் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் அல்லது காற்று வழியான திராட்டிலை மூடும். இதுவும் ஓட்டுபவருக்கு மிஸ்ஸிங் போலத்தான் தெரியும். ஓடும்போது ஸ்கேனரில் எடுக்கும் பதிவான லாக்கில் மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) எண்ணிக்கை பூஜ்யமாகவும் டைமிங் ரிடார்டு கூடுதலாகவும் இருந்தால், பிளக்கையும் காயிலையும் விட்டுவிட்டு மேப்பைத் திருத்தச் சொல்லுங்கள். லாக் எடுப்பதைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். காரை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் டைனோவில் எடுத்தால் இன்னும் நல்லது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்ற காற்று-எரிபொருள் விகிதம், இதற்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பூஸ்ட் ஏற்றிய காரில் பம்ப் ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் முழு லோடில் இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தமான ரெயில் பிரஷர் சரியும், கலவை மெலியும். ஃபியூயல் டிரிமின் நீண்டகால அளவான லாங் டெர்ம் டிரிம் +10 சதவீதத்தைத் தாண்டினால் ஃபில்டரையும் டேங்க் பம்பையும் பாருங்கள். அதிகாலைக் குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் குலுங்கி, சூடேறியதும் சரியாகிவிட்டால் அது வேறு நோய். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை) இன்டேக் வால்வில் கரி சேர்ந்திருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை.

வளைவிலிருந்து வெளியேறும்போது மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.-இல் முழுதாக மிதிப்பது டர்போ எஞ்சினுக்கு மிகப் பெரிய கெடுதல். நேரத்துக்கு முன்பே எரிந்து பிஸ்டன் ரிங் பள்ளமே உடையலாம். இரண்டாவது கியருக்கு வாருங்கள். ஆயில் டப்பாவில், இப்படி முன்பே எரிவதைத் தடுக்க உதவும் ஏ.பி.ஐ. எஸ்.பி. தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரீமேப் செய்யும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூஸ்ட் அளவு, பிளக் எண், இடைவெளி, எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய மேப் ஆகிய நான்கையும் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டு பானெட்டுக்குள் ஒட்டிக் கொடுங்கள். அது இல்லாமல் வரும் காரில் அடுத்த மெக்கானிக் கம்பெனி இடைவெளியில் பிளக் போட்டுத்தான் அனுப்புவார்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
ஐந்து ரோடு, சேலம்.