அடமானம் என்று சொல்லி எழுதப்படும் கிரயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சொந்த வீடு இருக்கிறது, மாத வருமானம் இல்லை. இந்த நிலையில் உள்ள முதியவர்களிடம், "பேங்க்கில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கொடுப்பதுபோல நானே மாதாமாதம் பணம் தருகிறேன். உங்கள் காலத்துக்குப் பிறகு வீட்டில் கழித்துக்கொள்ளலாம்" என்று தனி நபர்கள் பேசுகிறார்கள். எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், தூரத்துச் சொந்தம் என்று உண்மையிலேயே உதவ நினைப்பவர்களும் உண்டு. ஆனால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தாகும் பத்திரம் பல நேரங்களில் அடமானமாக இருப்பதில்லை. வீடு கைநழுவுவது அங்கேதான்.

வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு வங்கி முதியவர்களுக்கு மாதாமாதம் கடன் கொடுக்கும் இந்த ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டம் 2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தேசிய வீட்டுவசதி வங்கி அதற்கு விதிகள் வகுத்தது. வயது 60 ஆகியிருக்க வேண்டும், வீடு சுயமாகச் சம்பாதித்ததாகவும் குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் கடைசியாக இருப்பவர் காலம் வரை கடனைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கடன் எவ்வளவு ஏறினாலும் வீட்டின் மதிப்புக்கு மேல் வாரிசுகளிடம் வசூலிக்க முடியாது. பூர்வீக வீடு, பாகம் பிரிக்காத வீடு, பத்திரக் கோர்வை சரியில்லாத வீடு ஆகியவற்றுக்கு இது கிடைப்பது கடினம். அந்த இடைவெளியில்தான் தனி நபர் வருகிறார். மேலே சொன்ன பாதுகாப்புகள் எதுவும் தானாக அவரோடு வருவதில்லை. பத்திரத்தில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

முதல் ஆபத்து கிரயப் பத்திரம். "பேருக்குக் கிரயமாக எழுதிக் கொடுங்கள், பணம் திரும்பினால் வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று தனியாக ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் உறுதி கொடுப்பார்கள். திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இல்லாவிட்டால் அதை அடமானமாகக் கருத முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தனிப் பேப்பர் வீட்டைக் காப்பாற்றாது.

அடுத்தது விற்பனை ஒப்பந்தம். கடனுக்கு ஈடாக அக்ரிமெண்ட் போடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். வாங்கிய பணம் 'முன்பணம்' ஆகிவிடும், பிறகு கிரயம் செய்து தரச் சொல்லி வழக்கு வரும். பொது அதிகாரப் பத்திரமும் அப்படியே. பவர் கொடுத்ததால் மட்டும் வீடு கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் விற்கும் அதிகாரம் அதில் இருந்தால், பவர் வாங்கியவர் மூன்றாம் நபருக்குக் கிரயம் செய்துவிடலாம். செட்டில்மெண்ட் (விலையின்றி வீட்டை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால், "கடைசி வரை பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து" என்ற வரி அதிலேயே இருக்க வேண்டும். இருந்தால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் முறையிடலாம். நல்லெண்ணத்தோடு பணம் கொடுப்பவர் உயிலை நம்பினால் அவருக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

இரு தரப்புக்கும் பொருத்தமானது, சுவாதீனம் (வீட்டின் அனுபவம்) கொடுக்காத சாதாரண அடமானப் பத்திரம். இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்ய வேண்டும். மாதம் எவ்வளவு, மொத்தம் அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டையும் எழுத வேண்டும். கடன் திரும்பாமல் போனால் பணம் கொடுத்தவர் நீதிமன்றம் போய் ஏலத்தில்தான் வசூலிக்க முடியும், தானாக வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. "குறித்த தேதியில் கட்டாவிட்டால் வீடு உமக்கே" என்று அடமானப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் மீட்கும் உரிமை போகாது.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகளுக்குக் கைக்கு வருவது 18 லட்சம். ஆண்டுக்கு 9 சதவீதத் தனி வட்டி என்றால் முடிவில் கடன் ஏறக்குறைய 30 லட்சம். 10 சதவீதத்தை மாதந்தோறும் கூட்டு வட்டியாகப் போட்டால் 41 லட்சம். 'இரண்டு ரூபாய் வட்டி' என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதையே மாதக் கூட்டு வட்டியாக்கினால் 1 கோடியே 71 லட்சம்! வாங்கிய பணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆகவே 'தனி வட்டி' என்ற சொல் பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

15 ஆண்டு முடிந்தும் பெரியவர் உயிரோடு இருந்தால்? மாதப் பணம் நிற்கலாம், வீட்டைக் கேட்கக் கூடாது என்று எழுத வேண்டும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், மனைவி உள்ளவரை அங்கேயே இருப்பார் என்ற வரி வேண்டும். நடுவில் பணம் கொடுப்பவர் இறந்துபோனால் அல்லது நிறுத்திக்கொண்டால் அந்த நாளிலிருந்து வட்டி ஓடாது என்பதையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். பணம் வங்கி வழியாகவே வரட்டும். மாதம் 10,000 தானே என்று ரொக்கமாக வாங்கினால், பாக்கி 20,000 ஆனதுமே வருமான வரிச் சட்டம் குறுக்கே வரும், அபராதம் வாங்கியவர் தலையில் விழும். ஆண்டுக்கு ஒருமுறை பாக்கியைக் கணக்கிட்டு இருவரும் கையெழுத்திட்ட தாளை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடுப்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரான்சில் 'வியாஜே' என்ற பெயரில் தனி நபர்களே இப்படி வீடு வாங்கும் முறை உண்டு. 1965இல் 90 வயது ழான் கல்மானுக்கு உயிருள்ளவரை மாதம் 2,500 பிராங்க் தருவதாக ஒப்புக்கொண்ட நோட்டரி (பத்திரங்களுக்குச் சான்றளிப்பவர்) 1995இல் இறந்தார். அந்த அம்மையார் 122 வயது வரை வாழ்ந்ததால் 1997 வரை அந்த நோட்டரியின் குடும்பம் பணம் கட்டியது. உச்சவரம்பு எழுதச் சொல்வது கொடுப்பவரின் நன்மைக்காகவும்தான். ஒருவரின் ஆயுள் நீளுவதே இன்னொருவருக்குப் பாரமாகும் ஏற்பாடு எந்த வீட்டிலும் நல்லதல்ல.

ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். 'ஆவணத்தின் தன்மை' என்ற இடத்தில் அடமானம் என்று இருக்கிறதா, கிரயம், ஒப்பந்தம், அதிகாரம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடமானம் அல்லாமல் வேறாக இருந்தால், பணம் வந்த வங்கிக் கணக்குப் பதிவுகளோடும் அந்தத் தனிப் பேப்பரோடும் உடனே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. முதியோர் உதவி எண் 14567.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர்,
தஞ்சாவூர்.