பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

நல்லபடியாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்துவிட்டோம். இவர் உள்ளறையில் தூங்குகிறார். ஐரோப்பா சுற்றுப்பயணத்தில் ரயிலில் இவருக்கு உடம்பு முடியாமல் போனது, ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது, நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி பகல் பாராமல் போனில் கூடவே இருந்தது நீங்கள்தானே. அதை மறுபடியும் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை.

முதலில் ரயிலில் இருந்தவர்கள். சூரிச்சிலிருந்து வந்த வண்டி ஆர்ல்பெர்க் சுரங்கத்தைத் தாண்டியிருந்தது. 1884-இல் திறந்த சுரங்கம், பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்று இவர் எனக்கு ஆசையாகச் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதற்கப்புறம் இன்ஸ்ப்ரூக் வரும்வரை இவர் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்த மருத்துவ மாணவி, முன்கூட்டியே தகவல் சொல்லி நடைமேடையிலேயே ஸ்ட்ரெச்சரோடு ஆட்களை நிற்க வைத்த நடத்துனர், எங்கள் பெட்டிகளை இறக்கித் தந்துவிட்டு ஓடிப்போய்த் திரும்ப ஏறிக்கொண்ட பையன், யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. நீங்கள் மூவரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பலருக்கும் தெரியாதது. போனில் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊரில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் ராத்திரி துணைக்குப் படுப்பார். கட்டிலுக்குக் கீழே ஒரு பாய், ஒரு பிளாஸ்க், அவ்வளவுதான். அங்கே அந்த வழக்கம் இல்லை. பார்வை நேரம் முடிந்ததும் நர்ஸ் வந்து, ரொம்பப் பொறுமையாக, போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவிடுவார். பார்த்துக்கொள்ள அவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் உடம்பு சரியில்லாமல் படுத்த ஒரு ராத்திரியும் நான் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை. முதல் நாள் அந்த அறையை விட்டு வெளியே வர எனக்குக் கால் எழவில்லை.

அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். எழுபதுக்கு மேல் வயது இருக்கும். அவர் நெஞ்சிலும் இவருக்கு இருந்த மாதிரியே ஒயர்கள். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், இவரைக் காட்டினார், அப்புறம் கதவைக் காட்டித் தலையை ஆட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ. இதற்கு எந்த மொழி வேண்டும்?

மறுநாள் காலையில் போய் நின்றதும் ஒரு செய்தித்தாளை என்னிடம் நீட்டினார். ஓரத்தில் வெள்ளையாக இருந்த இடத்தில் பென்சிலால் வரிசையாக நேரம் குறித்திருந்தார். 11.40. 1.15. 2.30. 4.05. சில நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது, தூங்குகிறார் என்று அர்த்தம். 2.30-க்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வரைந்திருந்தார். இவரைக் கேட்டேன். ஆமாம், ராத்திரி தண்ணீர் கேட்டேன், கூப்பிடும் பொத்தான் எனக்கு எட்டவில்லை, அவர்தான் அழுத்தினார் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தானே நோயாளி, தனக்கே தூக்கம் வராமல் கிடக்கும் மனுஷன், முன்பின் தெரியாத ஒருத்திக்காக அந்த ராத்திரி முழுவதையும் எழுதி வைத்திருக்கிறார். அங்கே இருந்தவரைக்கும் தினமும் காலையில் எனக்கு அந்தக் காகிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் கிழிக்காமல் மடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

அவர் மகள் வரும்போதுதான் பேச முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும். இன்ஸ்ப்ரூக்குக்குத் தெற்கே ஸ்டுபாய் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு மாட்டுப் பண்ணை. கோடை முழுக்க மலை மேல் மேயும் மாடுகளை செப்டம்பரில் ஊருக்கு இறக்கிக் கொண்டுவருவது அவர்களுடைய டிரோல் மாநிலத்தில் பெரிய திருவிழாவாம். மாட்டின் தலையில் பூக்கிரீடம், கழுத்தில் குடம் அளவுக்கு மணி. ஆனால் அந்தக் கோடையில் மந்தையில் ஒரு மாடும் சாகாமல் இருந்தால்தான் கிரீடம். ஏதாவது இழப்பு என்றால் அலங்காரம் இல்லாமல்தான் வரும். இந்த வருஷம் ஒரு மாடுகூடக் குறையவில்லை, கிரீடம் உண்டு, ஆனால் பெரியவர் இங்கே படுத்திருந்தார். மகன்தான் மாடுகளை ஓட்டிவந்தாராம். மகள் போனில் எடுத்துவந்த வீடியோவைப் பெரியவர் ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எங்கள் பக்கம் திருப்பி, இவருக்கு நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டார். சாம்பல் நிற மாடுகள், சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக.

இவர் சும்மா இருப்பாரா? மாட்டுப் பொங்கலைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அதுவரை இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியவர், தாத்தா வீட்டுக் காளைகளைக் குளிப்பாட்டியது, மாலை போட்டது, கொம்புக்கு வர்ணம் அடித்தது என்று சொல்லிக்கொண்டே போனார். மகள் மொழிபெயர்க்க, பெரியவர் நடுவில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: என்ன நிறம்? ஒரு கொம்புக்கு நீலம், ஒரு கொம்புக்குச் சிவப்பு என்றார் இவர். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லாயிருக்கும் என்பதுபோல் தலையாட்டினார். இவர் தேறிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிஷத்தில்தான். டாக்டர்கள் அதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், ஆனால் என் காதில் ஏறவில்லை.

கிளம்பும் அன்று அவர் கட்டிலருகே நின்று கும்பிட்டேன். அவரும் கை கூப்பினார்.

ஐயா, இந்தக் கடிதத்தை உங்கள் மகளுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறேன். வரும் பொங்கலுக்கு எங்கள் மாமா வீட்டு மாடுகளின் படத்தையும் அனுப்புவோம்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். தோழியின் ஒரு போனுக்காக சூரிச்சிலிருந்து மூன்றரை மணி நேரம் ரயிலேறி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துத் தம்பிக்கும் அவர் மனைவிக்கும். "யோசிக்காதேங்கோ அக்கா, நாங்கள் இருக்கிறம்" என்று நீங்கள் சொன்னதை இவருக்குத் தினமும் சொல்லிக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை எதுவும் இருக்காது என்று ரொட்டியும் அவித்த முட்டையும் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போன விடுதிக்கார அம்மாவுக்கு. காப்பீட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் போகச் செய்த அந்தக் குரலுக்கு. ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வாங்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று சட்டம் போட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அது இல்லையென்றால் இந்த வீடு இன்று எங்கள் கையில் இருந்திருக்குமா தெரியாது. பாரிஸ் மெட்ரோ படிக்கட்டில் பெட்டியைத் தூக்கித் தந்த பிள்ளைகள், ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்தில் பகல் 12.30-க்கு வானியல் கடிகாரப் பொம்மைகள் நகர்வதைப் பார்க்க எங்களை முன்வரிசைக்கு இழுத்துவிட்ட அம்மா, இவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். இவர் முகத்தில் கடைசியாகச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அந்த ரயில் ஏறினோம்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இவர் நன்றாக நடமாட ஆரம்பித்ததும் வாரத்தில் ஒரு ராத்திரி இங்கே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காரப்போகிறேன், அங்கே அனுமதி கேட்டு முறைப்படிதான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் அடிபட்டுக் கிடப்பார்கள், துணைக்கு ஆள் இருக்காது, பாஷையும் தெரியாது. அவர்கள் அம்மாக்களுக்குக் காலையில் சொல்ல நேரம் குறித்து வைக்க எனக்குத் தெரியும். என்னோடு வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

இவரைப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், மதியம் நன்றாகத் தூங்குகிறார். வெனிஸுக்கு எடுத்திருந்த டிக்கெட் வீணாகிவிட்டதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். எங்களுக்கு வருத்தமில்லை.

அன்புடன்,
நாங்கள் இருவரும்