கதிர் கண்ணுவுக்கு

அன்புள்ள கதிர்,

போனில் சொன்னால் "சரிம்மா, பாக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சித்தப்பா ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். வயது 41. தோப்பில் மாங்காய் பறித்து, கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றிவிடுகிற உடம்பு. பீடி, சிகரெட் கிடையாது. மதியம் ராகிக்களிதான். அவருக்கே அடைப்பு என்றதும் ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள், கண்திருஷ்டி வரைக்கும்.

டாக்டர் அவருடைய காலைத் தூக்கி, குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாரைத் தடவிப் பார்த்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டதுபோல் புடைத்திருந்தது. கண் இமையோரம் மஞ்சள் திட்டு வேறு. "உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே நெஞ்சுவலியில போனவங்க உண்டா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? உன் அப்பா 44-இல். உன் தாத்தாவும் 50-ஐப் பார்க்கவில்லை.

இது பரம்பரையாக வருகிற கொழுப்புக் கோளாறாம். ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொழுப்பை, அதாவது எல்டிஎல்லை, ஈரல் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டுமாம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிறப்பிலேயே அந்தப் பிடிமானம் குறைவு. சாப்பாட்டால் வந்ததில்லை, அதனால் பத்தியத்தால் மட்டும் போகவும் போகாது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. இருந்திருக்கும் என்றுதான் டாக்டர் நினைக்கிறார்.

நீ ஒல்லியாக இருக்கிறாய், பேட்மின்டன் ஆடுகிறாய். சித்தப்பாவுக்கு மட்டும் தொப்பையா இருந்தது?

லிப்பிட் புரொஃபைல் என்று கேட்டு ரத்தம் கொடு. எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் நேராக இதய டாக்டரிடம் போ. கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை தருவார்கள், ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கும். போடு! நான் பிரஷர் மாத்திரை போடவில்லையா? உனக்கு இருந்தால் பாப்பாவுக்கும் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குள்ளேயே பார்த்துவிடச் சொல்கிறார்கள். பயந்து சோற்றைக் குறைத்து அவளை வாட்டாதே.

உன் தங்கை சனிக்கிழமை கிருஷ்ணகிரி போய் ரத்தம் கொடுக்கிறாள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவள் என்பதால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். கர்ப்பமாக இருக்கும்போது பொதுவாக அந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம்.

ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பு. "நார்மல்தாம்மா" என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்டிஎல் என்ற வரிக்கு நேரே இருக்கிற எண் எனக்கு வேண்டும்.

அம்மா
காவேரிப்பட்டணம்